உயிலில் ஒரு பங்கு கேட்போம்



ஆண்டு விழாவுக்கு ரசீதுப் புத்தகத்தோடு கடைவீதியில் இறங்க நூலகக் குழுவினராகிய நமக்குக் கூச்சமில்லை. "உங்கள் காலத்துக்குப் பிறகு இந்த நூலகத்துக்கு ஏதாவது எழுதி வைப்பீர்களா?" என்று கேட்கத்தான் நா எழவில்லை. அபசகுனம் என்று நாமே ஒதுங்கிவிடுகிறோம். கேட்டால்தானே கொடுப்பார்கள்!

பச்சையப்ப முதலியாரை எண்ணிப் பாருங்கள். துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும், இருந்து பெரும்பொருள் ஈட்டியவர். 1794இல் தருமங்களுக்கென்று உயில் எழுதிவிட்டு அதே ஆண்டில் மறைந்தார். அந்தப் பணம் வழக்கில் மாட்டிக்கொண்டது. நீதிமன்றம் தலையிட்டு, கோயில் கட்டளைகள் போக மிஞ்சியதைக் கல்விக்குத் திருப்பிய பிறகே, 1842இல் சென்னையில் அவர் பெயரில் பள்ளி திறந்தது. அது வளர்ந்துதான் கணிதமேதை ராமானுஜனும் பேரறிஞர் அண்ணாவும் படித்த கல்லூரியானது. கொடை எவ்வளவு பெரியது! ஆனால் இடையில் 48 ஆண்டுகள் போயின. அத்தனை ஆண்டுகளில் படித்திருக்க வேண்டிய பிள்ளைகளை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை.

ஆகவே கேட்கும்போதே வழியையும் சொல்லுங்கள். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டியதில்லை. எழுதியவர் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் வேண்டும். பதிவு கட்டாயமில்லை, செய்வது நல்லது. "நம்ம ஊர் லைப்ரரிக்கு" என்று எழுதினால் போதாது. நூலகத்தின் பதிவுப் பெயரும் எண்ணும் இருக்கவேண்டும். வங்கியில் நாமினி போட்டாயிற்று என்று சிலர் நிம்மதியாக இருக்கிறார்கள். நாமினி பணத்தை வாங்கி வைத்திருப்பவர்தான், உரிமை வாரிசுக்கோ உயிலில் கண்டவருக்கோ போகும். இஸ்லாமியச் சொந்தங்கள், வாரிசுகள் சம்மதம் இல்லாவிட்டால், மூன்றில் ஒரு பங்குக்குள் எழுதலாம்.

இன்னொன்று. உயிலை நாம் எழுதிக்கொண்டு போகக்கூடாது. "சுயநினைவுடனும், யாருடைய தூண்டுதலும் இன்றியும்" என்று அதில் ஒரு வாசகம் வருமே, அது பொய்யாகக்கூடாது. ஆஸ்பத்திரிக் கட்டிலருகே போய் நிற்கவே நிற்காதீர்கள். உயில் எழுதுபவர் திடமாக நடமாடும்போது, மகனும் மகளும் கூடத்தில் இருக்கும்போது கேளுங்கள். பெற்ற பிள்ளைக்குத் தெரியாமல் வரும் சொத்து நமக்கு வேண்டாம். கோர்ட்டு வாசலில்தான் கொண்டுபோய் நிறுத்தும். "யோசிக்கிறேன்" என்றால் வணக்கம் சொல்லி எழுந்து வந்துவிடுங்கள். கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அவர் நம் வாசகர்.

என் உயிலில் இந்த நூலகத்துக்கு ஒரு பங்கு எழுதிவிட்டேன். என் பிள்ளைகளுக்கும் தெரியும். இந்தக் கூட்டத்தில் முன்வரிசையில் இருக்கிறவர்கள் வீட்டுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வருகிறோம். பிள்ளைகளையும் இருக்கச் சொல்லுங்கள்.