மாஸ்கோ போனால் ரஷ்ய மொழி வந்துவிடுமா?

(தொழிலாளர் படிப்பகம் ஒன்றில் ஆற்றிய உரை)



"அந்த ஊரிலேயே நாலு மாசம் இருந்தால் பாஷை தானாக வந்துவிடும்" என்று நம்மில் பலர் சொல்கிறோம். வெளிமாநிலம் போய் வேலை செய்து திரும்பியவர்கள் இதைச் சத்தியம் செய்தே சொல்வார்கள். இதில் எவ்வளவு உண்மை? ரஷ்ய மொழி படிக்கப் போன மாணவர்களை வைத்து இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள்.

1984 முதல் 1990 வரை சோவியத் நாட்டுக்குப் போய், தலைக்கு நான்கு மாதம் தங்கி ரஷ்ய மொழி படித்த அமெரிக்க மாணவர்கள் 658 பேரின் கணக்கு அது. எழுத்துக் கூட்டும் புதியவர்கள் அல்லர். சொந்த நாட்டில் ஏற்கெனவே பாடம் கேட்டுத் தேறியவர்கள். போகுமுன் ஒரு முறையும் படிப்பு முடிந்தபின் ஒரு முறையும் அவர்களுடைய பேச்சைச் சோதித்தார்கள். பிரெக்ட், டேவிட்சன், கின்ஸ்பர்க் என்ற மூவர் அதை ஆராய்ந்து 1990-களில் வெளியிட்டார்கள்.

நான்கு மாதம் எல்லோரையும் ஒரே உயரத்துக்குத் தூக்கிவிடவில்லை. இலக்கணமும் வாசிப்பும் முன்பே நன்றாகக் கற்றுப் போனவர்கள்தாம் பேச்சிலும் அதிகம் முன்னேறினார்கள். வேறோர் அந்நிய மொழி பழகியவர்களுக்கும் இது கைகொடுத்தது. இலக்கணம் எதற்கு, வாயைத் திறந்தால் போதாதா என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

காரணம் விளங்காததல்ல. "போனேன்" என்று நாம் ஒரே சொல்லில் முடித்துவிடுவோம். ரஷ்யரோ நடந்து போவதற்கு ஒரு வினை, வண்டியில் போவதற்கு வேறு வினை வைத்திருக்கிறார்கள். அதிலும் ஒரு திசையில் போய்க்கொண்டிருப்பதற்கு ஒன்று, நாள்தோறும் போய் வருவதற்கு இன்னொன்று. இந்தப் பிரிவினை தெரிந்தவன் காதில் தெருப்பேச்சும் பாடமாக விழும். தெரியாதவனுக்கு அது மில் இரைச்சல்தான்.

ஆனால் புத்தகம் தராததும் உண்டு, தோழர்களே. வரிசையில் நிற்கப் போகிறவன் அங்கே பேசாமல் போய் ஒட்டிக்கொள்வதில்லை. "க்தோ பஸ்லேத்னிய்?" என்று கேட்கிறான். கடைசி ஆள் யார் என்று பொருள். அந்த ஆளைத் தெரிந்துகொண்டுதான் அவருக்குப் பின்னால் தன் இடத்தைப் பிடிக்கிறான். வழி கேட்கும்போது "ஸ்டேஷன் எங்கே என்று சொல்ல மாட்டீர்களா?" என்று எதிர்மறையில் கேட்பதே அங்கே மரியாதை. பேச்சுக்கு நடுவில் யோசிக்கும்போது "நு", "வோத்" என்று இழுப்பார்கள், நாம் "வந்து..." என்று இழுப்பதைப் போல. இவை வந்து சேர்ந்தால்தான் பேச்சு தட்டுத் தடங்கலின்றி ஓடும். "நீ", "நீங்கள்" என்ற பேதமும் நம்மைப் போலவே அவர்களுக்கு உண்டு. எப்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறலாம் என்பது ஆங்கிலம் பேசி வளர்ந்தவனுக்குப் பெரிய தலைவலி. தமிழனுக்கு அவ்வளவு கஷ்டமில்லை.

இதற்கு நாள் பிடிக்கும். ஓராண்டு தங்கியவர்கள் ஒரு பருவம் மட்டும் தங்கியவர்களைவிட மேலே போனதை டேவிட்சன் 2010-இல் காட்டினார். ஆள் பழக்கமும் வேண்டும். சொந்த நாட்டாரோடு அறையில் அடைந்து கிடந்தால் மாஸ்கோவில் இருந்தும் பயனில்லை.

இனி, அந்தக் கணக்கில் என்னை மிகவும் உறுத்திய ஒன்றைச் சொல்கிறேன். பேச்சில் ஆண்கள் அதிகம் முன்னேறினார்கள், பெண்கள் பின்தங்கினார்கள். பெண்களுக்கு மூளை குறைவா? இல்லவே இல்லை. லிவியா பொலான்யி என்ற ஆய்வாளர், அந்த மாணவர்கள் தாங்களே சொன்ன கதைகளைச் சேர்த்து 1995-இல் எழுதினார். ஆண் மாணவன் ரஷ்யப் பெண்ணோடு பழகியபோது தன் பேச்சு சரளமானதாகப் பெருமையோடு சொன்னான். பெண் மாணவியின் கதையோ வேறு. ஆண்கள் அத்துமீறிப் பேச்சுக் கொடுக்க, அவள் தப்பிப்பதற்குச் சொல் தேடினாள். கோபத்தையும் அவமானத்தையும் அடக்கிக்கொண்டு, மறுப்பதற்கும் விலகுவதற்கும் வேண்டிய ரஷ்ய மொழியைக் கற்றாள். அதுவும் கடினமான ரஷ்ய மொழிதான். ஆனால் சோதித்தவர்கள் அதைக் கேட்கவில்லை. கேட்காததற்கு மதிப்பெண் எங்கிருந்து வரும்?

ஒரே ஊர், ஒரே நான்கு மாதம். ஆனால் யாரோடு, எந்த நிலையில் நின்று பேச முடிந்தது என்பது இருவருக்கும் ஒன்றாக இருக்கவில்லை.

நேரமாகிவிட்டது. கேள்வி இருந்தால் கேளுங்கள், தோழர்களே. பெண் தோழர்கள் முதலில் கேட்கட்டும்.