சிதைந்த கனவை வாசிக்காத பெரியம்மா



மலேசியாவில், பாசிர் பெனம்பாங் ஆற்றங்கரையில் மீன்பிடிப் படகுகள் கட்டியிருக்கும் இடத்தில் நின்றால் எதிர்க்கரையில் மலாவத்திக் குன்று தெரியும். அதன்மேல் 1907இல் எழுப்பிய கலங்கரை விளக்கம். ஆறு இன்னும் சற்றுத் தூரம் போய் மலாக்கா நீரிணையில் கலக்கிறது. அந்தக் கடலில் வடக்கே போனால் கெடா. சோழர் கல்வெட்டுகள் கடாரம் என்று சொல்லும் நாடு. 1025இல் ராஜேந்திர சோழனின் கப்பற்படை அங்கே வந்தது.

இதையெல்லாம் பள்ளிப் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே எனக்குத் தெரியும். புக்கிட் ரோத்தான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், மண்ணெண்ணெய் விளக்கடியில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சொன்னவர் என் பெரியம்மா. விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், பால்மரம் சீவி, பாலைத் தூக்கி வந்து கொட்டி, வீட்டு வேலையும் முடித்த பிறகு அவர் கதை வாசிக்க உட்காருவார். சுற்றிலும் எட்டுப் பத்துப் பெண்கள். பலருக்கு எழுத்துத் தெரியாது. வாசலுக்கு வெளியே, கேட்காத மாதிரி உட்கார்ந்து சுருட்டுப் பிடிக்கும் ஆண்கள்.

அப்போது ஓடிக்கொண்டிருந்தது சாண்டில்யனின் 'கடல் புறா'. குமுதம் வார இதழில் தொடராக வந்தது, ஓவியர் லதாவின் படங்களோடு. பட்டணத்துக் கடையிலிருந்து ஒரு பிரதி லயத்துக்கு வந்து கைமாறிக் கைமாறி, ஓரமெல்லாம் ரப்பர் பால் கறையோடு பெரியம்மாவிடம் சேரும். தொடர்ப் பக்கங்களை மட்டும் பிரித்து, சாக்குத் தைக்கும் நூலால் தைத்து வைப்பார். கதாநாயகன் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்துப்பரணியில் வரும் அதே படைத்தலைவன். அவன் காதலிப்பது கடாரத்து இளவரசி காஞ்சனாவை. இன்னொரு பக்கம் மஞ்சளழகி. இருவரில் யார் என்று லயத்தில் வாரம் முழுக்க வழக்கு நடக்கும். அடுத்த இதழ் வரும்வரை அந்தக் காதல் எங்கள் வீட்டுக் கல்யாணப் பேச்சுப் போலவே எல்லோர் வாயிலும் இருக்கும்.

இந்த ஈர்ப்பு எங்கிருந்து வந்தது என்று பல காலம் யோசித்திருக்கிறேன். தப்பித்து ஓடும் ஆசை என்று படித்தவர்கள் சொல்வார்கள். எனக்கு அது போதவில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பள உயர்வோடு அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளில் ஒன்று, வெள்ளைக்காரத் துரையோ தோட்டத்துக் கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பது. யோசித்துப் பாருங்கள். சைக்கிளை விட்டு இறங்கி நின்ற ஒருவரின் மகள், இரவில், குதிரையை விட்டு இறங்காத ஒருவனின் கதையை உரக்க வாசிக்கிறாள். நம் தாத்தாக்கள் கப்பலின் அடித்தட்டில் கூலிகளாக வந்த அதே கடலில், அந்தக் கதையில் ஒரு தமிழன் தன் கப்பலின் மேல்தளத்தில் நிற்கிறான். அவன் காதல் எங்களுக்குப் பெரிதாகத் தெரிந்ததற்கு அந்த நிமிர்வும் ஒரு காரணம். தலைநிமிர்ந்து நிற்பவனுக்குத்தான் காதலைச் சொல்லத் துணிவு வரும் என்று பெரியம்மா சொல்வார்.

இந்தச் சரித்திரக் கதை வகைக்கு மேல்நாட்டில் வழி போட்டவர் வால்டர் ஸ்காட். அவருடைய 'வேவர்லி' 1814இல் வந்தது. நூறாண்டு கழித்து இங்கிலாந்தில் ஜார்ஜெட் ஹேயர் என்ற பெண், நோயில் கிடந்த தம்பியின் மனம் தேறுவதற்காக ஒரு சரித்திரக் கதை கட்டிச் சொன்னாள். அப்போது அவளுக்கு வயது 17. அது 1921இல் 'தி பிளாக் மாத்' என்ற நாவலாக வெளிவந்தது. பிற்காலத்தில் அவர் எழுதிய பிரபுக்கள் காலத்துக் காதல் கதைகளுக்கு உலகமெங்கும் வாசகர்கள் உண்டு. அந்த மேல்நாட்டுக் காதல் நாவல்கள் வாசகிக்கு ஒரு வாக்குக் கொடுக்கின்றன: எத்தனை தடை வந்தாலும் கடைசியில் இருவரும் சேருவார்கள். விருந்து மண்டபம், வண்டி, கடிதம் என்று கதை சுற்றி வளைத்துக்கொண்டு போனாலும் அந்த வாக்கு தவறாது. சிலர் இதைச் சிறுபிள்ளைத்தனம் என்கிறார்கள். நோயாளித் தம்பியின் கட்டிலருகே பிறந்த கதை வேறு எப்படி முடியும்?

நம் ஆசிரியர்கள் அந்த வாக்கைக் கொடுப்பதில்லை. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' முடிகிற இடத்தில் வந்தியத்தேவனைக் காதலித்த மணிமேகலை அவன் மடியில் உயிர் விடுகிறாள். 'சிவகாமியின் சபதம்' இன்னும் கொடுமை. பல்லவ மன்னர் மாமல்லர் வாதாபியை எரித்து, அங்கே சிறையிருந்த காதலி சிவகாமியை மீட்கிறார், அவள் சபதம் நிறைவேறுகிறது, ஆனால் அதற்குள் அவர் இன்னொருத்தியின் கணவர். ராஜ்யமும் காதலும் மோதினால் ராஜ்யம்தான் வெல்லும் என்று கல்கிக்குத் தெரியும். அதனால்தான் அவரைப் பெரிய ஆசிரியர் என்கிறேன். சாண்டில்யனிடம் அந்த ஆழம் குறைவு. பெண்ணின் உடலைப் பக்கம் பக்கமாக வருணிப்பார். அந்த இடம் வந்தால் பெரியம்மா வாசிப்பை நிறுத்துவார், தாள் திருப்பும் சத்தம் மட்டும் கேட்கும். இன்னொரு குறையும் சொல்ல வேண்டும். சோழர் படையெடுப்பை நாம் வெற்றியாக மட்டுமே கேட்டு வளர்ந்தோம். கடாரத்தில் எரிந்தவையும் வீடுகள்தான். இன்று கெடாவின் மெர்போக்கில், பூஜாங் பள்ளத்தாக்கின் கோயில் அடித்தளங்களுக்கு நடுவே நடக்கும்போது எனக்கு அந்த நினைவு வராமல் போவதில்லை. ஆனாலும் கடலையும் கப்பலையும் எங்களுக்குக் கண்முன் நிறுத்தியவர் சாண்டில்யன். அந்த நன்றி எனக்குக் குறையாது.

'சிவகாமியின் சபதம்' லயத்துக்குப் புத்தகமாகவே வந்தது, நான்கு பாகங்கள். பெரியம்மா பல மாதம் வாசித்தார். வாதாபி எரிந்த இரவில் பெண்கள் யாரும் எழுந்து போகவில்லை. மறுநாள் பெரியம்மா, புத்தகத்தில் கடைசிப் பக்கங்கள் கிழிந்துபோய்விட்டன, ஆனால் கதை தனக்குத் தெரியும் என்றார். மாமல்லர் சிவகாமியைத் தேரில் ஏற்றிக் காஞ்சிக்கு அழைத்துப்போய் மாலை மாற்றினார் என்று சொல்லி முடித்தார். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கலைந்து போனார்கள்.

பத்து வருஷம் கழித்து நான் அந்த நாவலை வாங்கிப் படித்தேன். நான்காம் பாகத்தின் பெயரே 'சிதைந்த கனவு'. அந்தப் பெயரைப் பெரியம்மா ஒருநாள்கூட உரக்கச் சொன்னதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அடுத்த தீபாவளிக்கு வீட்டுக்குப் போனபோது நேராகக் கேட்டுவிட்டேன். பெரியம்மா எழுந்து உள்ளே போய், அரிசி டின்னுக்கு அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து வந்தார். மடித்து வைத்த கடைசிப் பக்கங்கள். ஒன்றுகூடக் குறையவில்லை.

"நான் படிச்சேன் தம்பி, ரெண்டு ராத்திரி தூங்கல. காலையில அஞ்சு மணிக்குப் பெரட்டுல நிக்கப் போறவளுங்ககிட்ட இத எப்படிப்பா வாசிக்கிறது?" என்றார். பிறகு பொட்டலத்தை என் கையில் கொடுத்துவிட்டு, கோப்பி கலக்க அடுப்படிக்குப் போனார்.