குழந்தையின் வாயில் கட்டி: காலதாமதம் வேண்டாம்

(அணுபுரத்தில் பஞ்சாயத்து உறுப்பினர்கள், விவசாயிகள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)

பஞ்சாயத்து உறுப்பினர்களே, விவசாயப் பெருமக்களே,

பயிரில் நோய் கண்டால் அன்றே வேளாண்மை அலுவலரிடம் இலையைக் காட்டுகிறோம். மாடு இரை எடுக்காவிடில் கால்நடை மருத்துவரைத் தேடிச் செல்கிறோம். குழந்தையின் வாயில் வலியில்லாத கட்டி தோன்றினால் மட்டும், 'பல் முளைக்கிறது. தானே அமுங்கும்' என்று இருந்துவிடுகிறோம்.

இத்தகைய கட்டிகளுள் பெரும்பாலானவை தீங்கற்றவையே. எனினும் அபூர்வமாக, தசையாக வளர வேண்டிய இளம் உயிரணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகிப் புற்றுநோயாவதுண்டு. இதனை 'ராப்டோமயோசர்கோமா' என்பர். பெரியோரின் வாய்ப்புற்றைப் போல இது புகையிலையால் வருவதன்று. தொற்றுநோயுமன்று, பெற்றோரின் குற்றமுமன்று.

நாக்கிலோ, அண்ணத்திலோ, கன்னத்தின் உட்புறத்திலோ தோன்றிய வீக்கம் இரண்டு வாரமாகியும் அமுங்காமல் வளர்ந்தால், இரத்தம் கசிந்தால், பல் ஆடினால், விழுங்கவோ வாய் திறக்கவோ இயலாவிடில், உடனே செங்கற்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். வீட்டில் கீறுவதும், சூடு போடுவதும், பச்சிலை கட்டுவதும் தகா. சிறு துணுக்கு எடுத்துச் சோதித்தாலன்றி நோயை உறுதி செய்ய இயலாது. 'கத்தி பட்டால் பரவிவிடும்' என்ற அச்சத்தால் இச்சோதனையை மறுத்தலாகாது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெருமுயற்சியால் 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தோன்றியது. குழந்தைகளுக்கெனத் தனிப் பிரிவு 1960இலேயே அங்கு அமைந்தது. இந்நோய்க்குரிய மருந்துகளுள் ஒன்றான வின்கிரிஸ்டின், நம் வீட்டு முற்றத்தில் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து பிரித்தெடுக்கப்படுவது. ஆனால் செடியை அரைத்துக் குடித்தால் நஞ்சாகும். அளவறிந்து மருத்துவரே ஊசி வழியாகச் செலுத்த வேண்டும். மருந்து, கதிர்வீச்சு, தேவையெனில் அறுவை ஆகிய மூன்றும் சேர்ந்து, நோய் பிற உறுப்புகளுக்குப் பரவுமுன் முறையான சிகிச்சை பெற்ற குழந்தைகளுள் பெரும்பாலோரைக் காக்கின்றன.

சிகிச்சை பல மாதங்கள் நீடிக்கும். கட்டி கரைந்ததும் நிறுத்திவிடுவது, கோரைப் புல்லை மேலே அறுத்துக் கிழங்கை மண்ணில் விடுவதை ஒக்கும். பணமில்லையென்று எவரும் பாதியில் திரும்பிவிடக் கூடாது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சையும் அடங்கும்.

ஆகவே, உறுப்பினர்களே! உங்கள் ஊரில் இவ்வாறான குழந்தை இருப்பின் காப்பீட்டு அட்டை பெற்றுத் தாருங்கள். முதல் நாள் துணைக்குச் செல்லுங்கள். அறுவடை வேலையால் தந்தை போக முடியாத நாளில் வேறொருவரை உடன் அனுப்புங்கள். சாலையும் கிணறும் போலவே இதுவும் பஞ்சாயத்தின் பணியெனக் கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.