முதல் கமரா வாங்கப்போகும் பிள்ளைகளுக்கு

(நிலாவெளியில் நடந்த தோட்ட இளைஞர் முகாமில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



முகாம் நடத்துகிறவர்கள் எனக்குக் கொடுத்த தலைப்பு சிறுசேமிப்பு. ஆனால் பஸ் ஹபரணை தாண்டுவதற்குள் நாலைந்து தம்பிமார் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "சார், கல்யாண வீட்டு போட்டோ எடுக்கப் பழகணும், எந்தக் கமரா வாங்கலாம்?" என்று கேட்டுவிட்டார்கள். காசை எங்கிருந்து எடுப்பீர்கள் என்று கேட்டேன். ஒருவர் சொன்னார், "அம்மாவுக்கு ஈ.பி.எஃப் காசு வரப்போகுது." ஆகவே சேமிப்பைப் பற்றியும் கமராவைப் பற்றியும் சேர்த்தே பேசிவிடுகிறேன்.

அந்தக் காசு என்ன காசு என்று முதலில் தெரிய வேண்டும். அம்மா கொழுந்து பறித்த ஒவ்வொரு மாதமும் சம்பளத்தில் 8 வீதம் பிடித்து, நிர்வாகம் 12 வீதம் போட்டு, அப்படிச் சேர்ந்த பணம் அது. பெண்களுக்கு 50 வயதில், ஆண்களுக்கு 55 வயதில் கைக்கு வரும். அதற்குப் பிறகு அப்படி ஒரு தொகை அந்த வீட்டுக்குள் இன்னொரு தடவை வராது. அதில் கமரா வாங்கவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. தோட்டத்துப் பிள்ளைக்குக் கையில் ஒரு தொழில் இருப்பது நல்ல காரியம்தான். ஆனால் கடைக்காரர் சொன்ன பெட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு வரக்கூடாது. அதற்குத்தான் இந்தப் பேச்சு.

முதலில், போன் இருக்கும்போது கமரா எதற்கு? பகல் வெளிச்சத்தில், பிள்ளையின் பிறந்தநாளுக்கு, வட்ஸ்அப்பில் அனுப்புவதற்குப் போன் தாராளமாகப் போதும். அதற்காக ஒருவரும் கடன்பட வேண்டாம். வித்தியாசம் தெரிவது இருட்டில். நம்முடைய காமன் கூத்தை நினைத்துப் பாருங்கள். இரவு, தீப்பந்தம், ஒரு டியூப் லைட், ஆடுகிறவர் ஒரு நிமிடம் நிற்க மாட்டார். போனில் எடுத்தால் முகம் கலங்கித்தான் வரும். போனுக்குள்ளே வெளிச்சத்தை வாங்குகிற தகடு சுண்டுவிரல் நகத்தை விடச் சிறியது. எஸ்.எல்.ஆர் கமராவில் அதே தகடு ஏறக்குறைய ஒரு தபால் முத்திரை அளவு, 23 மில்லிமீற்றருக்கு 15 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மழைக்கு வாசலில் சிரட்டை வைப்பதற்கும் வாளி வைப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். அந்த அளவு தெரியாமல் மெகாபிக்சல் 24 என்றும் 50 என்றும் பேசுவதில் அர்த்தமில்லை.

எஸ்.எல்.ஆர் என்றால் உள்ளே ஒரு கண்ணாடி இருக்கும். லென்ஸ் வழியாக வருகிற காட்சியை அந்தக் கண்ணாடி மேலே திருப்பி நம் கண்ணுக்குக் காட்டும். பட்டனை அழுத்தினால் கண்ணாடி தூக்கிக்கொள்ளும், வெளிச்சம் தகட்டில் விழும். டக் என்று கேட்கிறதே, அது அந்தச் சத்தம்தான். இப்போது கண்ணாடி இல்லாத 'மிரர்லெஸ்' கமராக்கள் வந்துவிட்டன. கெனனும் நிக்கோனும் 2018இல் அதற்குப் புதிய லென்ஸ் வாய்களைக் கொண்டு வந்தன. 2020க்குப் பிறகு அந்த இரண்டு கம்பெனியுமே புதிய எஸ்.எல்.ஆர் மொடல் ஒன்றும் வெளியிடவில்லை. அதனால் சிலர், "எஸ்.எல்.ஆர் செத்துப்போச்சு, வாங்காதே" என்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. வசதி உள்ளவர்கள் எல்லாம் புதியதுக்கு மாறுவதால்தான் நல்ல எஸ்.எல்.ஆர்கள் கைமாறி விலைக்கு வருகின்றன. பழகப் போகிறவனுக்கு அது லாபம். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறிய பிறகு புதுக் கமராவின் விலை நமக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. பாவித்த கமராவைப் பார்த்து வாங்கத் தெரிந்துகொள்வதுதான் புத்தி.

எதைப் பார்க்கலாம்? கெனனில் 1300டி 2016இலும் 1500டி 2018இலும் வந்தவை. நிக்கோனில் டி3400 2016, டி3500 2018. பழகுகிறவருக்கு இந்த நாலும் நல்லவை. நாலில் எது என்று இரவு முழுவதும் சண்டை போட வேண்டியதில்லை. கையில் பிடித்துப் பார்த்து, விரலுக்கு எது வாகாக இருக்கிறதோ அதை எடுங்கள். ஆனால் நிக்கோன் வாங்குகிறவர்களுக்கு ஒரு பொறி இருக்கிறது, கவனமாகக் கேளுங்கள். டி3000 வரிசையிலும் டி5000 வரிசையிலும் கமராவுக்குள்ளே லென்ஸைத் திருப்பும் மோட்டார் கிடையாது. மோட்டார் லென்ஸில் இருக்க வேண்டும். லென்ஸில் 'ஏ.எஃப்-எஸ்' அல்லது 'ஏ.எஃப்-பி' என்று எழுதியிருந்தால் சரி. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய '50 மில்லிமீற்றர் எஃப் 1.8 டி' லென்ஸை வாங்கிப் போட்டால் படம் எடுக்கும், ஆனால் தானாகக் குவியாது. தாலி கட்டுகிற நேரத்தில் கையால் திருப்பிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். மாப்பிள்ளை காத்திருக்க மாட்டார். கெனன் ஈ.எஃப் லென்ஸ்களில் மோட்டார் லென்ஸிலேயே இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை.

வீடியோவும் எடுத்துக் கொடுக்க நினைக்கிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். 1500டியிலும் டி3500இலும் வெளி மைக் சொருகுவதற்குத் துளை கிடையாது. மேளமும் ஐயர் மந்திரமும் சனங்களின் பேச்சும் ஒன்றாகக் குழம்பித்தான் பதியும். அந்தத் துளையும், பக்கவாட்டில் திறந்து திருப்புகிற திரையும் வேண்டுமென்றால் 2017இல் வந்த கெனன் 200டி, இல்லாவிட்டால் நிக்கோன் டி5300 அல்லது டி5600. கொஞ்சம் விலை கூடும்தான். பிறகு இன்னொரு கமரா வாங்குவதை விட அது மேல்.

இப்போது முக்கியமான விஷயம். கையிலுள்ள காசு முழுவதையும் கமரா உடம்புக்கே கொடுத்துவிடாதீர்கள். பெட்டியோடு வரும் 18-55 லென்ஸ் பகலுக்கும் கூட்டப் படத்துக்கும் நல்ல லென்ஸ்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அதை 55க்கு நீட்டினால் அதன் வாய் எஃப் 5.6 அளவுக்குத்தான் திறக்கும். 50 மில்லிமீற்றர் எஃப் 1.8 லென்ஸ் அதைப் போல ஏறக்குறைய 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். காமன் கூத்தையும், பெரியபிள்ளை சடங்கில் ஆலாத்தி எடுக்கும் நேரத்தையும், லயக் காம்பராவுக்குள் ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டியையும் பிளாஷ் அடிக்காமல் எடுக்க அந்தச் சின்ன லென்ஸ் போதும். லென்ஸ்களில் மலிவானதும் அதுதான். பெரிய கமராவும் ஒரே லென்ஸும் வைத்திருக்கிறவனை விட, பழைய கமராவும் இந்த இரண்டு லென்ஸும் வைத்திருக்கிறவன் நல்ல படம் எடுப்பான் என்பது என் எண்ணம். இன்னொரு பெட்டரி, நம்பிக்கையான இடத்தில் வாங்கிய இரண்டு மெமரி கார்ட், ஒரு பை, இவற்றுக்கும் காசு ஒதுக்க வேண்டும். ஒரு பெட்டரியோடு கல்யாண வீட்டுக்குப் போகக்கூடாது.

பாவித்த கமரா வாங்கப் போகும்போது அவசரப்படாதீர்கள். பகல் நேரத்தில் போங்கள். லென்ஸைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பாருங்கள். சிலந்தி வலை மாதிரியோ பஞ்சு மாதிரியோ தெரிந்தால் அது பூஞ்சணம், அந்த லென்ஸைத் தொடாதீர்கள். பிறகு லென்ஸை மாட்டி, அதன் வாயை எஃப் 16க்குச் சிறிதாக்கி வானத்தை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கறுப்புப் புள்ளிகள் நிறைய இருந்தால் தகட்டில் அழுக்கு இருக்கிறது. துப்புரவாக்கலாம், ஆனால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். ஷட்டர் எத்தனை தரம் அடித்திருக்கிறது என்றும் கேளுங்கள். டி3500இன் ஷட்டர் 100,000 தரத்துக்கு என்று கம்பெனி கணக்குச் சொல்கிறது. ஒரு கல்யாணத்துக்கு 1,000 படம் எடுத்தால் 100 கல்யாணத்தில் அது முடிகிறது. கல்யாணக் காரரின் கமரா என்றால் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நிக்கோனில் எடுத்த படக் கோப்பிலேயே அந்த எண் பதிவாகியிருக்கும், கம்பியூட்டர் தெரிந்த ஒருவர் பார்த்துச் சொல்லுவார். கெனன் சின்ன மொடல்களில் அது படத்தில் பதிவதில்லை. கைப்பிடி ரப்பர் தேய்ந்திருக்கிறதா, பட்டன்களின் எழுத்து அழிந்திருக்கிறதா என்று பார்த்து ஊகிக்க வேண்டியதுதான்.

தவணைக்கு வாங்குகிறவர்கள் மாதக் கட்டணத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். மாதக் கட்டணத்தை மாதங்களால் பெருக்கி, முற்பணத்தையும் கூட்டி, கைக்காசு விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு தம்பி அம்மாவின் தோட்டை அடகு வைத்து முற்பணம் கட்டினார். முதல் வருஷம் அவருக்குக் கிடைத்தது ஆறே ஆறு வேலை, அதிலும் இரண்டு சொந்தக்காரர் வீடு. சொந்தக்காரர் என்றால் தெரியும்தானே, சாப்பாடு போட்டு அனுப்பிவிடுவார்கள். தோடு திரும்பி வருவதற்கு இரண்டு வருஷம் ஆனது. நாட்சம்பளம் 2021இல்தான் 1,000 ரூபாய் ஆனது, 2024இல் அடிப்படை 1,350 ஆனது. கமராவின் மொத்த விலையை அம்மாவின் நாட்பேரால் வகுத்துப் பாருங்கள். எத்தனை நாள் கூடை சுமந்த காசு என்று தெரியும். அந்த எண்ணை ஒரு துண்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். முடிந்தால், வாங்குவதற்கு முன்னால் தெரிந்த போட்டோக்காரர் ஒருவரோடு நாலைந்து கல்யாணத்துக்கு லைட் பிடிக்கப் போங்கள். இந்த வேலை உங்களுக்கு ஒத்துவருமா என்று செலவில்லாமல் தெரிந்துவிடும்.

வயது போய்விட்டதே என்று நினைக்கிற அக்காமாருக்கு ஒரு கதை. கதையில்லை, நடந்தது. ஜூலியா மார்கிரட் கெமரன் என்று ஒரு வெள்ளைக்கார அம்மா. மகளும் மருமகனும் 1863இல் ஒரு கமராவைப் பரிசாகக் கொடுத்தபோது அவருக்கு வயது 48. அதற்குப் பிறகுதான் பழகினார். உலகத்துப் பெரிய போட்டோக்காரர்களில் ஒருவராக இன்றைக்கும் எண்ணப்படுகிறார். கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன, 1875இல் இலங்கைக்கே வந்துவிட்டார்கள். களுத்துறையில் இருந்துகொண்டு, வேலை செய்கிற நம்முடைய ஆட்களையும் அவர் படம் பிடித்தார். அந்தக் காலத்துக் கமரா மரப்பெட்டி, கண்ணாடித் தகடு. படம் விழும்வரைக்கும் ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும். 1879இல் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டத்தில் காலமானார். பொகவந்தலாவை சென் மேரிஸ் கோயிலில் அடக்கம், போனால் பார்க்கலாம். அவர் இங்கே எடுத்த படங்களில் முப்பதுக்கும் குறைவானவைதான் மிஞ்சியிருக்கின்றன. அதில் ஒன்றுக்குப் பெயர் 'களுத்துறைக் குடியானவர்கள் ஒரு கூட்டம்'. அவ்வளவுதான். அதில் நிற்கிற ஆட்களின் பெயர் இல்லை, எந்த ஊர், யாருடைய பிள்ளை, ஒன்றும் இல்லை. அவர்கள் யாருக்கோ பாட்டன் பாட்டிதானே. 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியாவுக்குக் கப்பல் ஏறிய சொந்தக்காரர்களின் ஸ்டுடியோப் படம் நம்முடைய சில வீடுகளில் இன்னும் தொங்குகிறது, பின்னால் திருப்பினால் வெறுமை. ஆகவே படம் எடுக்கிற பிள்ளைகள் கமராவில் தேதியைச் சரியாகப் போட்டு வையுங்கள். ஒரு கொப்பியில் யார் யார், எந்த டிவிஷன் என்று அன்றைக்கே எழுதுங்கள்.

படங்களை இரண்டு இடத்தில் வைக்க வேண்டும், இரண்டும் ஒரே வீட்டில் இருக்கக்கூடாது. நாம் நிற்கிற இந்தக் கரையை 2004 டிசம்பர் 26 சுனாமி அடித்தபோது வீட்டோடு அல்பமும் போனது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயமே புதைந்தது. ஒரு பிரதியை வேறு ஊரில் இருக்கும் சொந்தக்காரரிடம் கொடுத்து வையுங்கள்.

மலைநாட்டில் கமராவுக்குப் பெரிய எதிரி ஈரம். மிஸ்ட் உள்ளே வருகிற காம்பராவில் தோல் உறைக்குள் பூட்டி வைத்தால் ஒரு மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். நிறம் மாறினால் மெல்லிய சூட்டில் காயவைத்துத் திரும்பப் போடலாம். அரிசிக்குள் புதைக்கிறவர்களும் உண்டு, தூசுதான் மிச்சம். அடுப்புப் பரணிலும் வேண்டாம், புகை படியும்.

இங்கே எதிரி மணலும் உப்பும். நாளைக்குப் புறாத்தீவுக்குப் படகு போகிறது. 2003இலிருந்து தேசியப் பூங்கா அது, முருகைக் கல்லை மிதிக்கக்கூடாது, உடைத்து எடுத்து வரவும் கூடாது. கமரா கொண்டுவந்திருக்கிற இரண்டு பேரும் கடற்கரையில் வைத்து லென்ஸைக் கழற்றாதீர்கள். எந்த லென்ஸ் வேண்டுமோ அதை அறையிலேயே மாட்டிக்கொண்டு வாருங்கள். ஏசி அறையில் படுத்தவர்கள் கமராவைப் பையில் மூடியபடியே வெளியில் கொண்டுவந்து அரை மணித்தியாலம் வைத்துத் திறவுங்கள், இல்லாவிட்டால் கண்ணாடி முழுவதும் பனி பூத்துவிடும். படகில் இரண்டு பொலித்தீன் பை, ஒன்றுக்குள் ஒன்று. திரும்பி வந்ததும் கொஞ்சம் ஈரமான துணியால் உடம்பைத் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் துடையுங்கள். லென்ஸை முதலில் ஊதி மணலை அகற்றிவிட்டுத்தான் துடைக்க வேண்டும், மணலோடு தேய்த்தால் கீறல் விழும். படகு காலை ஏழு மணிக்கு. கமரா இல்லாத பிள்ளைகளும் அந்த இருவரோடு சேர்ந்து ஆளுக்குப் பத்துப் படம் எடுத்துப் பாருங்கள், நான் சொல்லி வைத்திருக்கிறேன்.