தாமிரக் களவும் தடுக்கும் வழியும்



மின்சாரத்தால் ஓடும் ஆட்டோவும் டாக்ஸியும் தில்லி, மும்பை, பெங்களூர் வீதிகளில் இன்று புதுமையல்ல. அவற்றுக்கு மின்னூட்டும் நிலையங்களைக் குறிவைத்து, அயல்நாடுகளில் ஒருவகைக் களவு பெருகியுள்ளது. கேபிளை இரவோடு இரவாக வெட்டிச் செல்கின்றனர். அமெரிக்காவில் 'எலெக்ட்ரிஃபை அமெரிக்கா' என்னும் நிறுவனம் 2023ஆம் ஆண்டு முழுவதிலும் 125 கேபிள்களை இழந்தது. 2024இல் மே மாதத்திற்குள்ளாகவே 129 போயின.

இதன் காரணம் யாது? விரைவாக மின்னூட்ட நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டம் வேண்டும். அதைத் தாங்கத் தடித்த தாமிரம் வேண்டும். அத்தாமிரத்தின் மீதே திருடனுக்கு நாட்டம். அவனுக்குக் கிட்டுவதோ சிறு தொகை. புதிய கேபிள் பொருத்துவதற்கு ஆகும் செலவோ அதனினும் பன்மடங்கு. வாடகை வண்டி ஓட்டிப் பிழைப்பவர், பாட்டரி வற்றிய நிலையில் வந்து வெட்டுண்ட கேபிளைக் காண்பாராயின், அன்றைய வருமானம் போயிற்று.

தடுக்கும் வழிகள் மூன்று. முதலாவது, இடத்தேர்வு. இரவிலும் வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள இடமே நிலையத்திற்கு ஏற்றது. காமிரா இருந்தால் மட்டும் போதாது. அதைக் கவனிக்க ஆள் வேண்டும்.

இரண்டாவது, அமைப்பு. மெதுவாக மின்னூட்டும் இடங்களில் கம்பத்தில் துளைச்செருகி மட்டும் இருந்து, ஓட்டுநரே கேபிள் கொண்டுவந்தால், இரவில் திருட அங்கு ஏதுமிராது. விரைவு நிலையங்களில் இது இயலாது. அங்கே எஃகு வலையுறையும், வெட்டியவுடன் ஒலிக்கும் அபாயமணியும் துணைபுரியும்.

மூன்றாவதே தலையாயது. வாங்குவோர் இல்லையேல் திருடுவோரும் இல்லை. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 136ஆம் பிரிவு, மின்கம்பியை அறுத்துச் செல்வோர்க்கு மூன்றாண்டு வரை சிறை விதிக்கிறது. திருட்டுப்பொருள் என்றறிந்து வாங்குவோர்க்கும், 2024 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவு அவ்வாறே விதிக்கிறது. ரயில்வே பொருள்களைக் காக்க 1966இல் இயற்றப்பட்ட தனிச்சட்டமோ, அவற்றை முறைகேடாக வைத்திருப்பதையே குற்றமாக்கியது. கபாடி வியாபாரி ஒவ்வொருவரும் விற்பவரின் பெயரையும் முகவரியையும் குறித்துக்கொண்டால் பாதிக் களவு ஒழியும்.

நேயர்களே! அயலூர்தானே என்று நாம் ஒதுங்கலாகாது. நம் குடியிருப்புச் சங்கத்தில் இதைப் பேசுவோம். வெட்டுண்ட கேபிளைக் கண்டால் தொடவும் வேண்டாம், ஒட்டுப்போடவும் வேண்டாம்; நிலையத்தாருக்குத் தெரிவிப்போம். களவு நிகழக் கண்டால் எம்மாநிலத்திலும் 112 என்னும் எண்ணை அழைப்போம். வாழும் ஊரின் பொதுப்பொருளைக் காப்பது நம் கடமையன்றோ?