கோப்பை கழுவியவர்களின் இலக்கியம்



"அவன் பாரிசிலே கோப்பை கழுவுகிறான்." 1980களுக்குப் பின்னர் எங்கள் ஊர்களிலே அடிக்கடி காதில் விழுந்த வார்த்தை இது. சொல்பவரின் குரலிலே கொஞ்சம் ஏளனமும் இருக்கும், கொஞ்சம் பொறாமையும் இருக்கும். அவன் எப்படிப்பட்ட அறையிலே நின்று கழுவுகிறான், அவனுக்குப் பக்கத்திலே நிற்பவர் யார் என்று எவரும் கேட்டதில்லை. காசு வந்து சேர்ந்ததா என்பதே கேள்வி. அந்த அறைக்குள் நம்மை அழைத்துச் செல்லும் ஒரு நூலைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

ஜோர்ஜ் ஓர்வெல் என்றதும் 'விலங்குப் பண்ணை' நினைவுக்கு வரும். ஆனால் அந்தப் புனைபெயருடன் வந்த முதல் நூல், 1933இல் வெளியான 'டவுன் அண்ட் அவுட் இன் பாரிஸ் அண்ட் லண்டன்' என்பதாகும். 1929இல் கைப்பணம் தீர்ந்துபோன நிலையிலே பாரிஸ் ஹோட்டல் ஒன்றின் நிலவறையில் அவர் கோப்பை கழுவினார். அந்த அனுபவங்களின் வரிசையைச் சற்று மாற்றி எழுதியதே இந்நூலின் முற்பகுதி.

நிலவறையின் வெப்பம் 110 பாகை பரனைற்றுக்குக் கீழே இறங்குவதில்லை. சில இடங்களிலே குனிந்து செல்ல வேண்டிய தாழ்ந்த கூரை. நாளொன்றுக்குப் பதினொரு மணித்தியால வேலை. பின்னர் சென்ற சிறு உணவகத்திலோ பதினேழு மணித்தியாலம். இந்த விபரங்களை ஒரு தொழிற்சங்க அறிக்கையும் தந்துவிடும். ஓர்வெல் தருவது மனிதர்களை.

பொரிஸ் என்றொரு ரஷ்யர் வருகிறார். புரட்சிக்கு முன்னர் வசதியான குடும்பம், இராணுவத்திலே கப்டன். எல்லாம் இழந்து பாரிசுக்கு வந்து, கோப்பை கழுவத் தொடங்கிப் பரிசாரகராக உயர்ந்தவர். கால் நொண்டியபடியே வேலை தேடி அலைகிறார். ஆனாலும் நல்ல காலம் வருமென்ற நம்பிக்கை போகவில்லை. மரியோ என்ற இத்தாலியர் அதே நிலவறையிலே பதினான்கு ஆண்டுகள் கழித்தவர். ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் இடையிலே ஒரு கணமும் வீணாக்காத தேர்ச்சி அவருடையது. சிறு உணவகத்துச் சமையற்காரி வேலை நெருக்கடியிலே வாய்விட்டு அழுவாள், அழுதபடியே சமைப்பாள். அவசர வேளையிலே எல்லோரும் ஒருவரையொருவர் வாய்க்கு வந்தபடி ஏசுவார்கள். அந்த ஏச்சும் வேலையின் ஒரு பகுதியே.

சமையலறைக்கும் உணவு மண்டபத்துக்கும் இடையிலே ஒரு கதவு இருக்கிறது. உள்ளே நின்று கத்திய பரிசாரகர், அதைத் தாண்டியதும் பணிவும் நளினமும் கொண்ட வேறு மனிதராகி விடுகிறார். சாப்பிட வந்தவருக்கு அந்த இரண்டாவது மனிதரை மட்டுமே தெரியும்.

நியூயோர்க் சமையற்காரர் அந்தனி போர்டெய்ன் 2000ஆம் ஆண்டிலே எழுதிய 'கிச்சன் கொன்ஃபிடென்ஷியல்' நூலிலும் இதே கதவு திறக்கிறது. அந்நகரின் உயர்தர உணவகங்களைத் தாங்கி நிற்பவர்களிலே மெக்சிக்கோ, எக்குவடோர் நாட்டவர் பலர் இருப்பதை அவர் மதிப்புடன் சொல்கிறார். வந்தேறியவர்கள் மாறுகிறார்கள், கழுவுதொட்டி மாறுவதில்லை. பொரிஸ் நின்ற இடத்திலேதான் அரை நூற்றாண்டின் பின் எங்கள் பிள்ளைகளும் போய் நின்றார்கள்.

அவர்களிலே பலர் வீட்டுக்கு எழுதிய கடிதங்களிலே "ஹோட்டலில் வேலை" என்பதோடு நிறுத்திக் கொண்டார்கள். தாய்க்கு வேதனை தரக்கூடாது என்பது ஒரு காரணம். ஊரார் ஏளனம் செய்வார்கள் என்பது மற்றக் காரணம். அந்த ஏளனத்திலே நமக்கும் பங்குண்டு. பகிர்ந்து உண்ட உணவு, மொழி தெரியாமலே ஏற்பட்ட நட்பு, சுடுநீரில் வெந்த கை என்று எத்தனையோ செய்திகள் இப்படிச் சொல்லப்படாமலே போய்விட்டன.

அன்று இருபது வயதிலே போனவர்கள் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார்கள். உங்கள் குடும்பத்திலே அப்படி ஒருவர் இருந்தால், அடுத்தமுறை பேசும்போது ஒன்றைக் கேளுங்கள்: "பக்கத்திலே நின்று கழுவியது யார்?" அவர் சொல்லத் தொடங்குவார். அதை எழுதி வையுங்கள். அதுவும் எங்கள் இலக்கியந்தான்.