நம் மாதர் எழுதியவை எங்கே?
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்துள்ள நம் கல்விக் கழகத்தின் பணிகளைப் பாராட்டிப் பலர் பேசினார்கள். நாம் இன்று பாராட்ட எழுந்தோமில்லை. ஒரு குறையை ஒப்புக்கொள்ளவும் ஒரு கடமையை நினைவூட்டவும் எழுந்தோம்.

நம் முன்னோர் எழுதாதவர்கள் என்று சொல்லி வந்தோர் உண்டு. அது பொய் என்பதை இன்று எல்லாரும் அறிவர். இரட்டைமலை சீனிவாசனார் 1893ஆம் ஆண்டிலேயே ‘பறையன்’ என்னும் இதழைத் தொடங்கினார். 1939இல் தம் வாழ்க்கை வரலாற்றைத் தாமே எழுதி வெளியிட்டார். அயோத்திதாசப் பண்டிதர் 1907ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைக் கொணர்ந்தார். சைதையிலிருந்து இராயப்பேட்டை எத்துணைத் தொலைவு? நம் பாட்டனார்கள் நடந்தே போய்வந்த தொலைவுதான்.

ஆனால் பண்டிதர் 1914இல் மறைந்தபின் அவர்தம் எழுத்துகளுக்கு நேர்ந்தது என்ன? அன்பு பொன்னோவியம் போன்ற சிலர் பழைய இதழ்களைத் தேடிச் சேர்த்து, கண்போல் காத்து வைத்தார்கள். அவ்வாறு காத்தமையால்தான் 1999இல் ஞான. அலாய்சியசு தொகுத்த அயோத்திதாசர் சிந்தனைகள் இரண்டு பெருந்தொகுதிகளாகப் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவர இயன்றது. இதழ் தொடங்கியதற்கும் தொகுதி வந்ததற்கும் இடையே தொண்ணூற்றிரண்டு ஆண்டுகள்! காத்தவர் இருந்ததால் எழுத்து பிழைத்தது.

ஆடவர் எழுத்துக்கே இந்நிலை என்றால், நம் மாதர் எழுத்தின் நிலையை எண்ணிப் பாருங்கள். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ‘தமிழ் மாது’ என்றோர் இதழை நடத்தியவர் சுவப்பனேசுவரி அம்மாள். பண்டிதரின் பெயரைச் சொன்னால் கை தட்டுகிறோம். இவ்வம்மையாரின் பெயரை இக்கூட்டத்தில் எத்தனை பேர் இதற்கு முன் கேட்டிருக்கிறீர்கள்?

அன்னை மீனாம்பாள் சிவராஜ் அவர்களைக் கேட்டிருப்பீர்கள். அவர் 1904இல் இரங்கூனில் பிறந்தவர். அங்கு வணிகம் செய்து செல்வம் ஈட்டிப் புலவர்களைப் புரந்த வள்ளல் பெ. மா. மதுரைப் பிள்ளையின் பேத்தி. 1944இல் டாக்டர் அம்பேத்கர் சென்னைக்கு வந்தபோது இங்கு நடைபெற்ற தாழ்த்தப்பட்ட மகளிர் மாநாட்டிற்குத் தலைமை தாங்கியவர். 1992இல் மறைந்தார். அவருடைய வேரை நாம் எளிதில் கண்டுகொள்கிறோம். ஏன்? பாட்டனார் புகழ் பெற்றவர். தந்தையார் வாசுதேவப் பிள்ளை பொதுவாழ்வில் இருந்தவர். கணவர் சிவராஜ் சென்னை மேயராக விளங்கியவர். பெயர் பெற்ற ஆடவர் மூவர் சூழ இருந்தமையால் பேரேடுகளில் அவர் பெயரும் நின்றது. அத்தகைய பாட்டனாரும் தந்தையாரும் கணவரும் வாய்க்காத பெண்மணிகளின் கதி என்ன?

இதற்கு விடை தேட நெடுந்தூரம் போக வேண்டுவதில்லை. நம் கழகத்தின் அலமாரியே போதும்.

இம்மலரைத் தொகுக்கும்போது, நம் மாலைப்பள்ளியின் தொடக்க ஆண்டு விழா அழைப்பிதழ் ஒன்று கிடைத்தது. அதன் பின்பக்கத்தில் குழந்தைகள் பாடிய பாட்டு அச்சாகியிருந்தது. அடியில், ‘இயற்றியவர்: மாலைப்பள்ளி ஆசிரியை’ என்று மட்டுமே கண்டோம். நடவடிக்கைக் குறிப்பேட்டைப் புரட்டினோம். நாற்காலி நன்கொடை அளித்தவர் பெயர் உண்டு; ஒலிபெருக்கி வாடகை உண்டு; அவ்வம்மையார் பெயர் இல்லை. மூத்த உறுப்பினர் ஒருவர், அவர் ஆற்றங்கரைக் குடிசைப் பகுதியில் வாழ்ந்தவர் என்று நினைவு கூர்ந்தார்.

அப்பகுதி மக்களுள் பலர் இன்று பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறார்கள். விசாரித்துக்கொண்டே போய் அவருடைய மகளைக் கண்டோம். அம்மையார் மறைந்து சில ஆண்டுகளாகின்றன. அவர் எழுதிய பாட்டும் கதையும் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருந்தனவாம். 2015 டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்துச் சைதையின் தாழ்ந்த தெருக்களில் புகுந்தபோது பெட்டியோடு நனைந்து, எல்லாம் கூழாகிவிட்டன. நாம் கொண்டு சென்ற அழைப்பிதழை அம்மகளார் நெடுநேரம் பார்த்தார். பின்பு கேட்டார்: “பாட்டு இருக்குது சார். எங்க அம்மா பேரு எங்க?”

அன்பர்களே! அக்கேள்விக்கு நம்மிடம் விடை இல்லை. எழுத்தை வெள்ளம் கொண்டு போயிற்று. பெயரைக் கொண்டு போனது வெள்ளமன்று. அதை எழுதாமல் விட்டவர்கள் நாமே. பிறர் நம்மை மறைத்தார்கள் என்று முழங்குகின்ற நாமே நம் மாதரை மறைத்தோம்.

ஆகவே இளைஞர்களுக்குச் சில பணிகளை முன்வைக்கிறோம்.

முதலாவது, அவரவர் இல்லத்தில் தேடுங்கள். பாட்டியார் பெட்டியில் உள்ள நோட்டுப் புத்தகம், கடிதம், துண்டறிக்கை எதையும் பழைய தாள் கடைக்கு நிறுத்துப் போடாதீர்கள். எழுதத் தெரியாத பாட்டியாராயின் அவர் பாடும் தாலாட்டையும் ஒப்பாரியையும் ஒலிப்பதிவு செய்து, பாடியவர் பெயர், பிறந்த ஊர், தாயார் பெயர் மூன்றையும் எழுதி வையுங்கள். தாயார் பெயரைக் கேட்க மறவாதீர்கள். தாய்வழி வேர் அங்கேதான் அறுபடுகிறது.

இரண்டாவது, ஏடுகளில் தேடுங்கள். 1867ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அச்சான நூல்களின் பெயர், ஆசிரியர், அச்சகம், பக்கம், படிகள், விலை ஆகியவை பதிவு செய்யப்பட்டு, மூன்று திங்களுக்கு ஒரு முறை அரசினர் பட்டியலாக வெளிவந்தன. இத்தகைய பழைய பதிவுகளை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கேட்டுப் பாருங்கள். தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமோ, கோட்டையூரில் ஒரு தனிமனிதர் தம் வீட்டில் சேர்த்துவைத்த நூல்களிலிருந்து எழுந்தது. ஒருவர் வீட்டுச் சேமிப்பு நாட்டின் செல்வமாகக்கூடும் என்பதற்கு அதுவே சான்று.

மூன்றாவது, பள்ளிகளில் தேடுங்கள். நம் அண்டையிலுள்ள அடையாற்றில் 1894ஆம் ஆண்டிலேயே ஆல்காட் துரையவர்கள் நம் பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளி தொடங்கினார். பழம் பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடு எங்கேனும் எஞ்சியிருக்குமாயின், முதன்முதல் எழுத்தறிந்த நம் பெண்மக்களின் பெயர்களை அங்கே காணலாம்.

ஒன்றை மட்டும் எச்சரிப்போம். கிடைக்காததைக் கற்பனையால் நிரப்பாதீர்கள். இல்லாத பெருமையை ஏற்றிச் சொன்னால், உள்ள பெருமையையும் உலகம் நம்பாது. பெயர் மட்டும் கிடைத்தால் பெயரை மட்டும் எழுதுங்கள். அதுவே பெரும் பேறு.

அம்மாலைப்பள்ளி ஆசிரியையின் பாட்டு, அவருடைய முழுப் பெயருடன் இவ்வெள்ளி விழா மலரின் முதற்பக்கத்தில் அச்சாகியுள்ளது. அவர் மகளார் இன்று நம் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். மலரின் முதற்படியை அவர் கையில் அளிக்குமாறு தலைவர் அவர்களை வேண்டி, பொன்விழா மலரைத் தொகுப்போர் இத்தகைய பிழையை ஒப்புக்கொள்ளும் நிலை வரலாகாது என்று விழைந்து அமைகிறோம்.